தியேட்டருக்கு வெளியே நிற்பவருக்கு எழுதுவது: அறுவை மருத்துவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பித்தப்பைக் கல் என்றால் என்ன, குடலிறக்கம் ஏன் வருகிறது என்று இன்னொரு கட்டுரை யாருக்கும் தேவையில்லை. செல்போனில் தட்டினால் நூறு வரும். பாதி, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது. ஆனால் "உள்ளே கூட்டிட்டுப் போய் ரெண்டு மணி நேரம் ஆச்சு, யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்று ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவருக்கு, அந்த இரண்டு மணி நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று தமிழில் சொன்னவர்கள் குறைவு. அதை நோயாளியால்கூடச் சொல்ல முடியாது. அவர் மயக்கத்தில் இருந்தார். சர்ஜன் எழுதினால்தான் உண்டு.

பொதுமக்களுக்கு எழுத நினைக்கும் சர்ஜன்களுக்காக இதை எழுதுகிறேன். வார இதழோ, நாளிதழ் இணைப்போ, சொந்தப் பக்கமோ, எங்கே வெளியிட்டாலும் வேலை ஒன்றுதான். மருத்துவம் உங்களுக்குத் தெரியும். எதை எழுதலாம், யாருடைய கதையை எடுக்கலாம், எப்படிச் சொன்னால் வாசலில் நிற்பவருக்குப் பிடிபடும் என்பது மட்டும் இங்கே.

படி 1: படிக்கப் போகிறவர் யார்?

ஆபரேஷன் செய்துகொள்பவர் உங்கள் கட்டுரையைப் படிப்பது அபூர்வம். அவருக்கு வலி, பயம், பணக் கவலை. படிப்பவர் பெரும்பாலும் அட்டெண்டர்தான்: கூட வந்திருக்கும் மகள், மருமகன், துபாயிலிருந்து போனில் விசாரிக்கும் தம்பி. சம்மதப் படிவத்தை நர்ஸ் நீட்டியபோது படித்துப் பார்க்க நேரமில்லாமல் கையெழுத்துப் போட்டவர். இரவில் வார்டு வராந்தாவில் பாயை விரித்துவிட்டு, தூக்கம் வராமல் போனை எடுத்துத் தேடுகிறவர்.

இந்த ஒருவரை மனதில் நிறுத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கல்லீரலின் உடற்கூறு அவருக்கு வேண்டாம். நாளை காலை என்ன கேட்க வேண்டும், எப்போது கஞ்சி கொடுக்கலாம், எந்த அறிகுறி வந்தால் நர்ஸை ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும், இந்தக் கேள்விகள்தான் அவரிடம் இருக்கின்றன. சமைக்கப் போவதும் அவர், கடன் வாங்கப் போவதும் அவர், "பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்திடலாமா" என்ற உறவினர்களுக்குப் பதில் சொல்லப் போவதும் அவர்.

சக மருத்துவர்களும் படிப்பார்களே என்ற நினைப்பு வந்துவிட்டால் நடை அன்றோடு கெட்டது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு "இருப்பினும்", ஒரு "சில அரிய சூழல்கள் தவிர" ஒட்டிக்கொள்ளும். தப்பென்றால் அவர்கள் போனில் சொல்வார்கள். அவர்களுக்காக எழுத மருத்துவ இதழ்கள் இருக்கின்றன.

படி 2: விதிகளை ஒரு முறை முழுதாகப் படியுங்கள்

இந்தியாவில் பதிவு பெற்ற மருத்துவருக்கு இன்றும் நடைமுறையில் இருப்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் நன்னடத்தை விதிகள். 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. சமூக ஊடகங்களில் மருத்துவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தனிப் பகுதியே அதில் இருந்தது. அதே மாதம் 23-ஆம் தேதி அவை நிறுத்திவைக்கப்பட்டு, பழைய விதிகள் திரும்ப வந்தன. நிறுத்திவைத்ததாக இருந்தாலும் அந்தச் சமூக ஊடகப் பகுதியைப் படித்து வைப்பது நல்லது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியும்.

எழுதுபவர் தெரிந்துகொள்ள வேண்டியவை 2002 விதிகளில் மூன்று. முதலாவது 7.11. பொதுப் பத்திரிகைகளில் நோய்களையும் சிகிச்சைகளையும் பற்றி எழுதுவது உங்களுக்கு விளம்பரமாகவோ ஆள் பிடிப்பதாகவோ ஆகக் கூடாது என்கிறது. அதே விதி, பொதுச் சுகாதாரம், ஆரோக்கிய வாழ்வு பற்றி உங்கள் சொந்தப் பெயரில் எழுதலாம், பேசலாம் என்றும் சொல்கிறது. ஆகவே எழுதுவது குற்றமில்லை. கட்டுரையின் அடியில் கிளினிக் முகவரியும் "முன்பதிவுக்கு அழைக்கவும்" என்ற எண்ணும் வந்தால்தான் வம்பு. பத்திரிகைக்காரர்கள் நல்லெண்ணத்தில் அதைச் சேர்த்துவிடுவார்கள். அச்சுக்குப் போகும் முன் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இரண்டாவது 7.14: தொழிலில் தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது. நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து, அறிவிக்க வேண்டிய நோய், இவை மட்டுமே விலக்கு. மூன்றாவது 7.17: அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தையோ நோய் விவரத்தையோ அனுமதியின்றி வெளியிடக் கூடாது. அடையாளம் தெரியாவிட்டால் சம்மதம் வேண்டியதில்லை என்கிறது விதி. இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு நிறைய பேர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அடையாளம் தெரியாது என்று முடிவு செய்வது யார் என்பதில்தான் சிக்கல் எல்லாம். அதற்கு அடுத்த படி.

அரசு மருத்துவர் என்றால் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 உங்களையும் கட்டும். டீன் அலுவலகத்திலோ ஜே.டி. (மாவட்ட இணை இயக்குநர்) ஆபீஸிலோ எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். தனியார் மருத்துவமனை என்றால் ஒப்பந்தத்தைப் புரட்டுங்கள்.

படி 3: நோயாளியின் கதையை எடுக்கும் முன்

சர்ஜனின் எழுத்து உயிரோடு இருப்பதும் இங்கேதான், கெட்டுப்போவதும் இங்கேதான்.

பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். சென்னையில் ஒரு ஆட்டோ ஓட்டுநருக்கு அப்பெண்டிக்ஸ் என்றால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. தாலுகா தலைநகரில், "பேருந்து நிலையம் பக்கம் பூக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, போன பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, வயிற்றில் ஐந்து கிலோ கட்டியோடு வந்தார்" என்று எழுதினால் ஊருக்கே தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் ரகசியமில்லை. தொழில், இடம், காலம், அபூர்வமான நோய் நான்கும் சேரும்போது ஆள் பிடிபடுகிறார்.

எனக்குத் தெரிந்த நல்ல சோதனை, நாத்தனார் சோதனை. நோயாளி யாரிடம் தன் நோயைச் சொல்லாமல் மறைத்திருப்பாரோ அவர், பெரும்பாலும் புகுந்த வீட்டில் ஒருவர், இந்தக் கட்டுரையைப் படித்தால் "இது நம்ம ஆளுதானே" என்பாரா? என்பார் என்றால் இன்னும் மாற்ற வேண்டும், அல்லது கதையையே விட்டுவிட வேண்டும். மார்பகக் கட்டி, கருப்பை எடுத்தது, ஆண்களுக்கு விரைவீக்கம், மூலம், பௌத்திரம் இவற்றிலெல்லாம் கல்யாணப் பேச்சுவரை பாதிப்பு போகும். நாம் சாதாரணம் என்று நினைப்பது அவர்கள் வீட்டில் சாதாரணம் இல்லை.

மாற்றும்போது மருத்துவத்துக்கு ஒட்டாததை மாற்றுங்கள்: ஊர், தொழில், மாதம், பிள்ளைகளின் எண்ணிக்கை, கூட வந்தவர் அண்ணனா சித்தப்பாவா என்பது. வயதும் பாலினமும் நோயின் போக்கோடு ஒட்டியிருந்தால் தொடாதீர்கள்; தொட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். இரண்டு மூன்று பேரின் கதைகளைச் சேர்த்து ஒருவராக்கியிருந்தால் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். வாசகர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சம்மதம் எப்போது கேட்பது? ஆபரேஷனுக்கு முன்பு கேட்கவே கூடாது. நாளைக்குக் கத்தி வைக்கப் போகிறவர் கேட்டால் யார் மறுப்பார்? டிஸ்சார்ஜ் அன்றும் வேண்டாம். நன்றி நிறைந்து வழியும் நாள் அது, எதற்கும் தலையாட்டுவார்கள். தையல் பிரித்து, பயாப்ஸி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட் வந்து, இனி உங்களிடம் வர வேண்டிய அவசியம் இல்லை என்ற நிலையில் கேளுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கு நீங்களே உரக்கப் படியுங்கள். தாளில் தமிழில் இப்படி இருந்தால் போதும்:

"என் சிகிச்சை பற்றி மருத்துவர் எழுதிய கட்டுரையை முழுதும் படித்தேன் / படிக்கக் கேட்டேன். பெயர், ஊர் மாற்றப்பட்டுள்ளன. இருந்தும் சிலர் என்னை அடையாளம் காண வாய்ப்பு உண்டு என்பதை அறிவேன். வெளியிடச் சம்மதிக்கிறேன். அச்சாவதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம். அதனால் என் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது."

இறந்துபோனவர் என்றால் குடும்பத்திடம் கேளுங்கள். கருமாதி முடிந்த கையோடு கேட்க வேண்டாம்.

சில கதைகள் சம்மதம் இருந்தாலும் வேண்டாம் என்பது என் கருத்து. பாலியல் வன்முறைக்கு ஆளானவர், போக்சோ (குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம்) வழக்கில் சம்பந்தப்பட்ட குழந்தை, போலீஸ் வழக்கு நடக்கும் காயங்கள் இந்த வகை. எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை வெளியிடுவதற்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டமே தடை போடுகிறது. மனநல சிகிச்சையில் இருப்பவர் பற்றிய தகவலுக்கும் அதே ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் காப்பு உண்டு.

படங்களைப் பொறுத்தவரை என் யோசனை: போடாதீர்கள். கண்ணில் கறுப்புப் பட்டை போட்டால் முகம் மறையும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. முழங்கையில் பச்சை குத்திய பெயர், கழுத்து மச்சம், பழைய தீக்காயத் தழும்பு எல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஸ்கேன் படத்தின் மூலையில் பெயரும் வயதும் ஐ.டி. எண்ணும் அச்சாகியிருக்கும். தியேட்டரில் சக டாக்டர்களோடு எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பின்னால் வெள்ளைப் பலகையில் அன்றைய லிஸ்ட், முழுப் பெயர்களோடு, எந்த ஆபரேஷன் என்பதோடு இருக்கும். கை வரைந்த படம் ஒன்று இதையெல்லாம்விட நன்றாகப் புரியும். நோயாளிக்குச் சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்து காட்டுவீர்களே, அதையே போடலாம்.

படி 4: விஷயம் ஓ.பி.யில் இருக்கிறது

என்ன எழுதுவது என்று மேசையில் உட்கார்ந்து யோசித்தால் "உலக இதய தினம்" மாதிரி ஏதாவதுதான் தோன்றும். ஓ.பி.யில், அதாவது வெளிநோயாளிகள் பிரிவில், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைக் குறித்து வையுங்கள். கேள்வியை மட்டும், பெயர் வேண்டாம். ஒரு மாதத்தில் ஒரு வருடத்துக்கான கட்டுரைகள் சேரும்.

"வெறும் வயிறுன்னா ஒரு வாய் காபி குடிக்கலாமா?" இது ஒரு முழுக் கட்டுரை. மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும், வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம், பால் கலந்தது வயிற்றில் திட உணவு போலத் தங்கும், ஆகவே அதற்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. இதைச் சொன்னதோடு நிறுத்தாதீர்கள். அம்மா பாவம் என்று மகள் விடியற்காலையில் காபி கொடுத்துவிட்டாள். இப்போது சொன்னால் திட்டுவார்களே என்று மறைக்கிறாள். அந்த மகளுக்கு எழுதுங்கள்: மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

"தாலியைக் கழற்றணுமா?" இதை எழுதுகிறவர்களைக் காணோம். திசுவைச் சுட்டு ரத்தத்தை நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்துகிறோம், உலோகம் உடலில் இருந்தால் அந்த இடத்தில் சூடு பட வாய்ப்புண்டு, கழுத்தில் குழாய் போட வேண்டி வரலாம், மோதிரம் என்றால் கை வீங்கினால் இறுகும், நகை தொலைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி வேறு. காரணங்கள் சாதாரணமானவை. ஆனால் தியேட்டர் வாசலில், ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும்போது, முன்பின் தெரியாத ஒருவர் வந்து "கழட்டுங்கம்மா" என்றால் அந்தப் பெண்ணின் முகம் போகிற போக்கை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதல் நாளே வீட்டில் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு வரலாம் என்று ஒரு வரி எழுதினால் எத்தனையோ பேருக்கு அந்தக் கலக்கம் மிச்சம்.

பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்குமா, முதுகில் ஊசி போட்டால் ஆயுளுக்கும் இடுப்பு வலியா, கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடுமா. இவற்றை "மூடநம்பிக்கை" என்று தொடங்கினால் வாசகர் முதல் வரியிலேயே போய்விடுவார். நம்பிக்கைக்குக் காரணம் இருக்கும். அதைத் தேடிச் சொல்லுங்கள். முற்றிய பிறகு வந்த புற்றுநோய்க்கு வயிற்றைத் திறந்து பார்த்து, ஒன்றும் செய்ய முடியாமல் மூடியது முன்பு அதிகம். ஸ்கேன் வசதி இல்லாத காலம். சில வாரங்களில் அவர் இறந்ததை ஊர் பார்த்தது; கத்தி பட்டதால் என்று புரிந்துகொண்டது. இதைச் சொன்ன பிறகு, பயாப்ஸி ஏன் தேவை என்று சொன்னால் காது கொடுப்பார்கள். பருப்பு விஷயத்தில் நேராகவே சொல்லலாம்: புண் ஆறப் புரதம் வேண்டும், பருப்பிலும் முட்டையிலும் இருப்பது அதுதான்.

படி 5: ஒரு கட்டுரையைக் கட்டிப் பார்ப்போம்

தலைப்பு: "பித்தப்பை ஆபரேஷனுக்கு ஏன் இவ்வளவு நேரம்?"

வழக்கமாக நாம் எழுதும் முதல் வாக்கியம்: "நுண்துளை அறுவை சிகிச்சை முறையில் பித்தப்பை அகற்றப்படுவது தற்போது பரவலாக மேற்கொள்ளப்பட்டு வருகிறது." இதில் ஆளே இல்லை. செய்பவரும் இல்லை, படுத்திருப்பவரும் இல்லை. அதற்குப் பதில்:

"முக்கால் மணி நேர ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னார். உள்ளே அழைத்துப் போய் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. பயப்படாதீர்கள், அந்த நேரம் எங்கே போகிறது என்று சொல்கிறேன்."

பிறகு கதவைத் திறந்து காட்டுங்கள், நடக்கும் வரிசையிலேயே. முதலில் உள்ளே ஒரு காத்திருப்பு அறை. முந்தைய கேஸ் முடியாவிட்டால் அங்கேயே அரை மணி நேரம் போகலாம். பிறகு மேசை. கையில் ஊசிக் குழாய், நெஞ்சில் இ.சி.ஜி. ஒட்டு, விரலில் ஆக்சிஜன் கிளிப். "உங்க பேர் சொல்லுங்க, என்ன ஆபரேஷன், எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" நோயாளியிடம் வார்டில் கேட்டதையே திரும்பக் கேட்பது மறதியால் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட 19 அம்சப் பாதுகாப்புப் பட்டியல் அது. மயக்கத்துக்கு முன், தோலை வெட்டும் முன், தியேட்டரை விட்டு வெளியேறும் முன் என்று மூன்று முறை நின்று சரிபார்க்கிறார்கள். எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. அந்த எட்டு நகரங்களில் டெல்லியும் ஒன்று.

அதன் பிறகு மயக்கம், மூச்சுக் குழாய், வயிற்றைக் கிருமிநாசினியால் துடைத்துத் துணி போர்த்துதல். தொப்புளருகே முதல் துளை, கரியமில வாயுவை ஏற்றி வயிற்றைக் கூடாரம் போல உயர்த்துதல், மேசையைத் தலைப்பக்கம் தூக்கி இடப்பக்கம் சாய்த்துக் குடலை விலகச் செய்தல். பித்தப்பையோடு சேரும் குழாய் ஒன்று, ரத்தக் குழாய் ஒன்று. இந்த இரண்டு மட்டுமே பித்தப்பைக்குள் போகின்றன என்று கண்ணால் தெளிவாகப் பார்க்கும்வரை கிளிப் போடுவதில்லை. பக்கத்தில் பிரதான பித்த நாளம் ஓடுகிறது. அதைத் தவறுதலாக வெட்டினால் நோயாளிக்குப் பல வருடத் துன்பம். நேரம் போவது பெரும்பாலும் இங்கேதான், போக வேண்டியதும் இங்கேதான் என்று எழுதுங்கள். பழைய வீக்கத்தால் எல்லாம் ஒட்டிக்கிடந்து தெளிவாகத் தெரியாவிட்டால் வயிற்றைத் திறந்து செய்வோம். வெளியே வந்து "ஓப்பன் பண்ண வேண்டியதாப் போச்சு" என்று சொல்லும்போது அட்டெண்டர் காதில் அது "ஆபரேஷன் ஃபெயிலியர்" என்று விழுகிறது. அப்படி இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்க இந்தக் கட்டுரையைவிட நல்ல இடம் கிடையாது.

பித்தப்பையைப் பையில் போட்டு வெளியே எடுத்த பிறகு வாயுவை விடுவது, பஞ்சும் துணியும் எண்ணிச் சரிபார்ப்பது, தையல், மயக்கம் தெளிவிப்பது, கண்காணிப்பு அறை. கல்லைக் குப்பியில் போட்டு வெளியே காட்டும்போதுதான் குடும்பத்துக்கு நம்பிக்கை வருகிறது. ஆனால் அந்த நேரத்தில் நோயாளி இன்னும் கண்காணிப்பு அறையில் இருப்பார் என்றும் சேருங்கள்.

கடைசியில் வீட்டுக்கு எடுத்துப் போக ஒரு தகவல். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஓரிரு நாள் தோள்பட்டை வலிக்கலாம், வயிற்றில் தங்கிய வாயு உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை) உறுத்துவதால். நள்ளிரவில் தோள்வலி என்றால் எல்லோருக்கும் மாரடைப்பு நினைவுதான் வரும். அதையும் சொல்லுங்கள், மூச்சுத் திணறலோ நெஞ்சை அழுத்தும் வலியோ இருந்தால் உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். காய்ச்சல், கண்ணில் மஞ்சள், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி வந்தால் ரிவ்யூ தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

படி 6: மொழி

யாழ்ப்பாணத்துக்கு 1847-இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், அறுவை மருத்துவப் பாடநூலையும் தமிழாக்கினார். தமிழில் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு அப்போதே பதில் கிடைத்துவிட்டது. அவர் எழுதியது மாணவர்களுக்கு. நீங்கள் எழுதுவது அட்டெண்டருக்கு. ஆகவே அவர் வாயில் இருக்கும் சொல்லே போதும்: ஆபரேஷன், தையல், டிரிப்ஸ், மயக்க ஊசி, ஸ்கேன். குடலிறக்கம் என்று எழுதினால் ஹெர்னியா என்று ஒருமுறை பக்கத்தில் சொல்லிவிடுங்கள், ரிப்போர்ட்டில் அப்படித்தான் இருக்கும்.

செயப்பாட்டு வினையைத் துரத்துங்கள். "கட்டி அகற்றப்பட்டது" என்பது டிஸ்சார்ஜ் சம்மரியின் மொழி. "கட்டியை எடுத்தோம்" என்றால் செய்தவர் தெரிகிறார். வலியை "லேசான அசௌகரியம்" என்று எழுதாதீர்கள். மூல ஆபரேஷன் முடிந்து முதல் முறை கழிவறைக்குப் போனவரிடம் கேட்டுப் பாருங்கள். வலிக்கும், எத்தனை நாள், எப்படிக் குறைக்கலாம் என்று சொன்னால் அடுத்து நீங்கள் சொல்வதை நம்புவார்.

படி 7: எண்ணைச் சொல்லும் விதம்

"0.3 சதவீத ஆபத்து" என்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. "ஆயிரம் பேருக்குச் செய்தால் மூன்று பேருக்கு" என்றால் தெரியும். லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷனில்) பித்த நாளக் காயம் ஆயிரத்தில் ஒருவர் முதல் ஐவர் வரை என்று ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. அந்த வரம்போடேயே எழுதுங்கள். "ஆபத்து இருமடங்கு" என்று மட்டும் எழுதாதீர்கள். பத்தாயிரத்தில் ஒன்று இரண்டானாலும் இருமடங்குதான்.

உங்கள் சொந்தக் கணக்கை, "இதுவரை இத்தனை ஆயிரம் ஆபரேஷன்கள், நூறு சதவீத வெற்றி" என்று, கட்டுரையில் போட்டால் அது விளம்பரம். 7.11 நினைவிருக்கட்டும்.

படி 8: சிக்கல்களை எழுதுவது

தையல் விட்டுப்போனது, கசிவு ஏற்பட்டது, இரண்டாம் முறை திறக்க வேண்டி வந்தது. வாசகருக்கு மிகவும் பயன்படுவது இதுதான், ஏனென்றால் எங்கேயும் படிக்கக் கிடைக்காது. ஆனால் குடும்பத்துக்கு நேரில் முழுதாகச் சொல்லாத எதையும் அச்சில் சொல்லாதீர்கள். நுகர்வோர் ஆணையத்திலோ கோர்ட்டிலோ போகக்கூடிய விஷயம் என்றால் வக்கீலைக் கேட்காமல் ஒரு வரியும் வேண்டாம். குறிப்பிட்ட ஒருவரின் கதையாக எழுதாமல், இந்தச் சிக்கல் ஏன் வருகிறது, எந்த நாளில் வெளிப்படும், நாங்கள் எதைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறோம் என்று பொதுவாக எழுதினாலே கட்டுரை நிற்கும்.

ஒரு வாக்கியத்தை மட்டும் அடியோடு தடை செய்துகொள்ளுங்கள்: "வெளியே எங்கோ செய்து கெட்டுப்போய், கடைசியில் என்னிடம் வந்தார்கள்." நம் தொழிலில் இதை எழுதாத கை அபூர்வம். முதலில் செய்தவர் இரவு இரண்டு மணிக்கு, ரத்தம் கிடைக்காமல், தனி ஆளாக நின்றிருக்கலாம். உங்களுக்குத் தெரியாது. வாசகர் அதிலிருந்து எடுத்துக்கொள்வது, அடுத்த முறை பக்கத்து ஊர் டாக்டரிடம் அவசரத்துக்குப் போகக் கூடாது என்பதை. அந்தத் தாமதத்தில் உயிர் போகலாம்.

படி 9: எழுத நேரம்

இரண்டு கேஸ்களுக்கு நடுவே தியேட்டரைக் கழுவித் தயார் செய்யும் இடைவெளியில் போனில் பேசிப் பதியுங்கள். தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றும் வசதி இப்போது நன்றாகவே இருக்கிறது. பேசியதுபோலவே வருவதால் நடையும் தப்பும். ஞாயிறு காலை உட்கார்ந்து வெட்டி ஒட்டலாம். நோயாளி இறந்த அன்று எழுதினால் எழுதுங்கள், வெளியிடாமல் வையுங்கள்.

அனுப்பும் முன் மூன்று பேர் படிக்கட்டும்: மயக்க மருந்து டாக்டர் தகவலுக்காக, வார்டு சிஸ்டர் அட்டெண்டரின் கேள்விக்காக, மருத்துவத்தோடு சம்பந்தமே இல்லாத ஒருவர் மொழிக்காக. மூவரில் சிஸ்டர் சொல்வதைத் தட்டாதீர்கள். நீங்கள் ரவுண்ட்ஸ் முடித்துப் போன பிறகு "டாக்டர் என்ன சொன்னாருங்க?" என்ற கேள்விக்குத் தினமும் பதில் சொல்கிறவர் அவர்.

படி 10: படித்தவர்கள் ரிப்போர்ட் அனுப்பும்போது

நாலு கட்டுரை வந்தாலே தொடங்கிவிடும். யாரோ உங்கள் நம்பரைப் பிடித்து, வாட்ஸ்அப்பில் ஸ்கேன் படம், கூடவே "சார் ஆபரேஷன் தேவையா?" என்று ஒரே வரி. இரக்கத்தில் பதில் சொல்லத் தோன்றும். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, நோயாளிக்கு ஆலோசனை சொன்னால் அது முறையான கன்சல்டேஷன்: நோயாளி யார் என்று உறுதி செய்ய வேண்டும், உங்கள் பெயர், பதிவு எண் தெரிய வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும். வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் ஸ்கேன் தாளை மட்டும் பார்த்து "ஒண்ணும் பயமில்லை" என்று தட்டிவிட்டு, அன்றிரவே அவருக்குக் குடல்வால் வெடித்தால் அந்தச் செய்தி உங்கள் பதிவெண்ணோடு நிற்கும்.

பதிலை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "கட்டுரை படித்து எழுதியதற்கு நன்றி. நேரில் பார்க்காமல் ஆலோசனை சொல்வது உங்களுக்குப் பாதுகாப்பில்லை. பார்த்த டாக்டரிடம் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா? எத்தனை நாள் காத்திருக்கலாம்? கடும் வலி, வாந்தி, காய்ச்சல் இருந்தால் உடனே அருகில் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள்." இதில் உங்கள் கிளினிக் நேரத்தைச் சேர்க்க வேண்டாம்.

வந்த கேள்விகளைத் திரும்ப நோட்டில் எழுதுங்கள், பெயரை விட்டுவிட்டு. அடுத்த கட்டுரை அதிலிருந்து வரும். பழைய கட்டுரைகளின் மேல் எழுதிய மாதமும் வருடமும் பளிச்சென்று இருக்கட்டும். சாப்பாட்டுக் கட்டுப்பாடு, படுக்கை ஓய்வு, தையல் பிரிக்கும் நாள் பற்றிய நம் ஆலோசனைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. யாராவது வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பினால் தேதியும் அதோடு போக வேண்டும்.